மதராஸ் சாப்பர்கள் ஏன் எஞ்சினார்கள்?

1850களில் மதராஸ் மாகாணப் படையில் 52 சுதேசிக் காலாட்படை ரெஜிமெண்டுகள் இருந்தன. 1928 வாக்கில், பயனியர் படை நீங்கலாக, தென்னாட்டு ஆட்களைக் கொண்ட கடைசிக் காலாட்படைப் பட்டாலியனும் கலைந்துவிட்டது. சில ரெஜிமெண்டுகள் தொடர்ந்தன என்றாலும் அவற்றின் பழைய ஆட்கள் தொடரவில்லை. அந்த இடங்களில் பஞ்சாபியரும் கூர்க்காக்களும் நிரப்பப்பட்டார்கள். ஆனால் இதே காலத்தில், இதே மாவட்டங்களிலிருந்து ஆள் எடுத்துவந்த ஒரு பிரிவு கலைக்கப்படவே இல்லை. மதராஸ் சாப்பர்-மைனர் படை என்று அழைக்கப்பட்ட அது, இன்று மதராஸ் பொறியாளர் குழுமம் என்ற பெயரில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய பொறியாளர் பிரிவுகளில் அதுவும் ஒன்று.

‘தென்னாட்டான் போருக்கு ஆகான்’ என்று முடிவுகட்டிய ஒரு ராணுவம், தென்னாட்டுச் சாப்பர்களை மட்டும் ஏன் கைவிடவில்லை? ராணுவ அதிகாரிகளும் படை வரலாற்றாசிரியர்களும் சமூக ஆய்வாளர்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லிவந்திருக்கிறார்கள். இனம், சாதி, கைத்திறன், ராணுவ நிர்வாகம் என்று அவற்றை ஏறக்குறைய நான்காகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டையும் இருக்கிறது.

படையின் பிறப்பும் வேலையும்

1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு அதுவரை இந்தியாவில் நேர்ந்த தோல்விகளில் இதுவே மிகப் பெரியது. அடுத்த மூன்று வாரங்களுக்குள், செப்டம்பர் 30 அன்று, மதராஸ் பயனியர்கள் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் அமைக்கப்பட்டன. அமைத்தவர் ஜோசப் மூர்ஹவுஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி. இதற்கு முன்பும், 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்ட காலத்தில், இப்படிப்பட்ட தற்காலிக ஏற்பாடுகள் இருந்ததுண்டு. நிரந்தரப் படையாக ஆனது 1780இல்தான்.

அவசரத்தின் காரணம் எளிதில் விளங்கும். ஆறும் ஏரியும் வாய்க்காலும் குறுக்கிடும் நிலத்தில் மாடு பூட்டிய பீரங்கி நகர வேண்டுமானால், அதற்கு முன்னால் பாதை வெட்டுவோர் நகர வேண்டும். கோட்டையைப் பிடிக்க வேண்டுமானால் மதிலை நோக்கி வளைந்து வளைந்து அகழி தோண்ட வேண்டும், மதிலுக்கு அடியில் சுரங்கம் வைக்க வேண்டும், உடைப்பில் ஏணி சாத்த வேண்டும். இவை எல்லாம் எதிரியின் குண்டு எட்டும் தூரத்தில் செய்ய வேண்டிய வேலைகள். ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் துப்பாக்கியுமாக உழைத்தவனே சாப்பர். 1781இல் சோளிங்கர், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம், 1803இல் அசாயே, 1811இல் ஜாவா என்று படையின் போர்ச்சிறப்புப் பட்டியல் தொடங்குகிறது. மூர்ஹவுஸ் 1791 மார்ச்சில் பெங்களூர்ப் பேட்டை வாசலில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார்.

1831 முதல் பயனியர் பட்டாலியன்கள் சாப்பர்-மைனர் படையாக மாற்றப்பட்டன. அமைதிக் காலத்தில் நீலகிரிக்கு மலைப்பாதை வெட்டியதிலும் ஆர்தர் காட்டனின் கோதாவரி அணைக்கட்டிலும் (1847-52) இவர்களுடைய உழைப்பு உண்டு. 1860களில் தலைமையிடம் பெங்களூரில் நிலைபெற்றது. 1876இல் ராணியின் பெயர் பட்டமாகச் சேர்ந்தது.

போர்க்குணம் என்ற கோட்பாடு

முதல் விடை, கேள்வியை உருவாக்கியவர்களிடமிருந்தே வந்தது. பிரடெரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும், பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்தார். தென்னாட்டு வீரனின் முன்னோர் ஒரு காலத்தில் நன்றாகப் போரிட்டிருக்கலாம். நீண்ட அமைதியும் வளமும் அவனை மென்மையாக்கிவிட்டன. ரஷ்யப் படையை எதிர்கொள்ள அவன் தகுதியற்றவன். 1897இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் அவர் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான். ஜார்ஜ் மக்மன் போன்ற அதிகாரிகள் இதை வளர்த்து, தட்பவெப்பம், உணவு, பிறப்பு ஆகியவற்றால் சில இனங்களே போருக்கு உரியவை என்று ஒரு முழு வகைப்பாட்டையே எழுதிவைத்தார்கள். 1933இல் வந்த மக்மனின் நூல் அந்த எண்ணத்தின் உச்சம் எனலாம்.

இந்தச் சட்டகத்துக்குள் சாப்பர்களுக்குக் கிடைத்த இடம் விதிவிலக்கு என்பதுதான். அவர்கள் சுறுசுறுப்பானவர்கள், புத்திசாலிகள், எங்கு அனுப்பினாலும் முகம் சுளிக்காதவர்கள் என்று பாராட்டுவார்கள். ஆனால் அந்தப் பாராட்டு கோட்பாட்டைத் திருத்தவில்லை. சாப்பர் வேலையைப் போரிலிருந்து பிரித்து, உழைப்பு என்ற தனிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் முரண்பாடு மறைந்துவிடும் அல்லவா?

அந்தப் பிரிவினை போர்க்களத்தில் நிற்கவில்லை. 1885 மார்ச் 22 அன்று சூடானின் செங்கடல் கரையோரம், தோஃப்ரெக் என்ற இடத்தில், மதராஸ் சாப்பர்கள் முட்செடிகளை வெட்டி அரண் அமைத்துக்கொண்டிருந்தபோதே எதிரிகளான ஹதெந்தோவா இனக்குழு வீரர்கள் பாய்ந்தார்கள். வேலைக்கும் சண்டைக்கும் இடையே அங்கே இடைவெளியே இல்லை. அன்று நின்று போரிட்டதற்காக ‘தோஃப்ரெக்’ போர்ச்சிறப்பு சாப்பர்களுக்கும் வழங்கப்பட்டது. ராபர்ட்ஸ் மதராஸில் பதவியில் இருந்த காலத்தில் நடந்த சண்டை இது. பிற்காலத்தில், 1917 பிப்ரவரி 23 அன்று மெசொப்பொத்தேமியாவின் ஷும்ரான் வளைவில் குண்டுமழையின் நடுவே டைக்ரிஸ் நதியைப் படை கடந்தபோதும் இவர்கள் பங்கெடுத்தார்கள். தட்பவெப்ப வாதத்துக்கு 1948 ஒன்றே போதும். பால்தாலிலிருந்து மேலேறும் கோவேறுகழுதைப் பாதையை டாங்கிகள் ஏறும் சாலையாக அகலப்படுத்தி, 11,000 அடிக்கு மேலுள்ள சோஜி லா கணவாயை நவம்பர் 1 அன்று இந்தியப் படை பிடிக்க வழிசெய்தவர்கள் மதராஸ் சாப்பர்களே.

போர்க்குணக் கோட்பாடு அறிவியல் அல்ல என்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அது எதிலிருந்து பிறந்தது என்பதில்தான் வேறுபாடு. ஹெதர் ஸ்ட்ரீட்ஸ் அதைப் பிரிட்டனின் ஆண்மைக் கற்பனையோடு சேர்த்துப் படிக்கிறார். டேவிட் ஒமிசி 1857க்குப் பிந்தைய அரசியல் கணக்குகளையும் வடமேற்கு எல்லையின் தேவைகளையும் முன்னால் வைக்கிறார். கௌசிக் ராய், அதிகாரிகளுக்குள்ளேயே இதை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் இருந்ததைக் காட்டுகிறார். ராயின் கருத்து நம் கேள்விக்கு மிகவும் பயன்படும். ராணுவம் ஒரே குரலில் பேசியதில்லை என்றால், சாப்பர்களுக்காக உள்ளிருந்து பேசியவர்கள் யார் என்று தேட வேண்டியிருக்கும்.

சாதி சொல்லும் விடை

இரண்டாவது விடை சமூக வரலாற்றிலிருந்து வருகிறது. நெடுங்காலப் பழக்கமான ஒரு சமூக ஏற்பாட்டை ராணுவம் எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதை வெளிச்சமாக்குவதால் இதற்குத் தனி எடை உண்டு.

மதராஸ் சாப்பர்களில் பறையர் சமூகத்தினர் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அவர்களோடு கிறித்தவர்களும் முஸ்லிம்களும் பிற சாதி இந்துக்களும் இருந்தார்கள். வட இந்தியப் படைகளில் போலச் சாதிக்கொரு கம்பெனி என்ற பிரிவினை இங்கே வேரூன்றவில்லை. மண் சுமப்பதும் குழி தோண்டுவதும் இழிவு என்ற எண்ணமோ, கடல் கடந்தால் சாதி கெடும் என்ற அச்சமோ இவர்களுக்கு இல்லை. சமையலுக்குத் தனித்தனி அடுப்பு கேட்கவில்லை. ஆகவே சீனாவுக்கும் அபிசீனியாவுக்கும் எகிப்துக்கும் கேள்வியின்றி அனுப்ப முடிந்தது. இது பழைய படை அதிகாரிகளின் எழுத்திலும் உண்டு. மாறுபட்ட நோக்கில் பின்னாளைய ஆய்வுகளிலும் உண்டு. 1969இல் ஸ்டீபன் கோஹன், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ராணுவம் எப்போது வாசலைத் திறந்தது, எப்போது மூடியது என்பதை விரிவாக ஆராய்ந்தார். அதற்கு முன்பே அம்பேத்கர், கம்பெனியின் தொடக்ககாலப் படைகளில் ஒதுக்கப்பட்ட மக்களே போரிட்டார்கள் என்றும், ஆட்சி உறுதிப்பட்ட பின் அவர்களையே வெளியே தள்ளியது பிரிட்டிஷ் அரசு செய்த துரோகம் என்றும் வலியுறுத்தியிருந்தார்.

படைச்சேவை இந்தக் குடும்பங்களுக்கு என்ன தந்தது என்பதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. பெங்களூரில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாப்பர் குடும்பங்கள், ‘குவீன்ஸ் ஓன் சாப்பர்ஸ்’ என்ற பட்டத்தைச் சுருக்கி ‘குவின்சாப்’ என்று தங்களைத் தனிச் சமூகமாகவே சொல்லிக்கொண்டதை ஆங்கிலேய இனவியல் பதிவுகள் குறித்திருக்கின்றன. சேரி என்ற முகவரியை விட்டு ரெஜிமெண்ட் என்ற முகவரிக்கு இடம்பெயர்ந்தவர்கள் இவர்கள். நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம், பிள்ளைகளுக்குப் படிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சீருடை தந்த மதிப்பு. கிராமத்தில் செருப்பணிந்து தெருவில் நடக்க முடியாதிருந்த ஒருவரின் மகன் சுபேதாராக ஊர் திரும்பியது சாதாரணச் செய்தி அல்ல.

ஆனாலும் சாதி என்ற விடை, சாப்பர்கள் ஏன் கிடைத்தார்கள் என்பதைத்தான் விளக்குகிறது. ராணுவம் அவர்களை ஏன் வைத்துக்கொண்டது என்பதை அல்ல. கடல் கடக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1824இல் பர்மாப் போருக்கு மதராஸ் காலாட்படையும்தான் பெருமளவில் கப்பலேறியது. அதே ஆண்டு பாரக்பூரில் வங்காளச் சிப்பாய்கள் பர்மாவுக்குப் புறப்பட மறுத்துக் கலகம் செய்தார்கள். எனவே கடலுக்கு அஞ்சாமை சாப்பர்களின் தனிப் பண்பு அல்ல, மதராஸ் படை முழுமைக்கும் உரியது. அந்தப் பண்பு காலாட்படையைக் காப்பாற்றவில்லை. பம்பாய் மாகாணத்தின் மகார்கள் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சமூகநிலையிலும் படைச்சேவையின் நீளத்திலும் அவர்கள் பறையர்களுக்கு இணையானவர்கள். 1890களில் அவர்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது; மகார் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒதுக்கப்பட்ட சாதி என்பதே ஒரு மாகாணத்தில் சேர்ப்பதற்கும் இன்னொரு மாகாணத்தில் தள்ளுவதற்கும் காரணம் ஆக முடியாது. இடையில் வேறு ஏதோ வேலை செய்திருக்க வேண்டும்.

இந்த விளக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘அவர்களுக்குத் தோண்டுவதில் வெட்கமில்லை’ என்ற அதிகாரியின் கூற்றைச் சமூக உண்மையாக எடுத்துக்கொண்டால், சாதி சுமத்திய வேலையை அந்த மக்களின் இயல்பாக நாமும் ஏற்றுக்கொண்டவர்கள் ஆகிறோம். அகழி தோண்டியவர்கள் அதைத் தம் கல்வியாகவும் கௌரவமாகவும் ஆக்கிக்கொண்டார்கள் என்ற மறுபக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கைத்திறன்

மூன்றாவது விடை படையின் சொந்த வரலாற்றாசிரியர்கள் விரும்பிச் சொன்னது. வைபார்ட்டின் மதராஸ் பொறியாளர்-பயனியர் வரலாறு 1881இல் வெளிவரத் தொடங்கியது. ராபர்ட்ஸ் மதராஸுக்கு வந்ததும் அதே ஆண்டு. தென்னாட்டுப் படைக்கு மதிப்புக் குறைந்துகொண்டிருந்த வேளையில் அதன் பொறியாளர்களின் நூறாண்டுச் சாதனைகளைத் தொகுத்துவைத்த நூலாக இன்று அதைப் படிக்கத் தோன்றுகிறது. பின்னர் சேண்டிஸ் 1930களிலும் 1948இலும் எழுதிய பெருந்தொகுதிகள் அந்த வரிசையைத் தொடர்ந்தன. தச்சு, கொல்லு, கல்வேலை, வெடிமருந்து, மிதவைப் பாலம் ஆகியவற்றில் தேர்ந்தவர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது இவர்களின் வாதம். பெங்களூரில் இருந்தபோது மதராஸ் சாப்பர்களைச் சேர்ந்த கேப்டன் மக்ளின்டாக் 1912இல் வடிவமைத்த, முள்வேலியைத் தகர்க்கும் குழாய் வெடி ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற பெயரோடு 1944இல் நார்மண்டிக் கடற்கரை வரை போனது.

வாதத்தின் பலவீனம் பக்கத்திலேயே இருக்கிறது. வங்காளச் சாப்பர்களும் பம்பாய்ச் சாப்பர்களும் சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாணியர், மராட்டியர் ஆகிய உழவர் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அதே வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். திறன் பயிற்சிக்கூடத்தில் உருவாகிறது என்றால், மதராஸ் பயிற்சிக்கூடத்திலும் பஞ்சாபியரைச் சேர்த்திருக்கலாமே? அங்கே மட்டும் ஏன் சேர்க்கவில்லை?

அதிகாரிகளும் தலைமையிடமும்

நான்காவது விடை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. சாப்பர்களின் அதிகாரிகள் காலாட்படை அதிகாரிகள் அல்லர். கம்பெனி காலத்தில் மதராஸ் பொறியாளர்கள், 1862க்குப் பின் பிரிட்டனின் ராயல் பொறியாளர்கள். பொதுப்பணித் துறை, ரயில்வே, நில அளவை, ராணுவத் தலைமையகம் என்று எங்கும் பரவியிருந்த, தமக்குள் இறுக்கமான பிணைப்புள்ள ஒரு வட்டம் அது. மதராஸ் காலாட்படையில் சேர்ந்த இளம் அதிகாரியோ, போர் கிடைக்கும் பஞ்சாப் ரெஜிமெண்டுக்கு எப்படி மாறுவது என்றே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். நல்ல அதிகாரி விலகினால் படை தேய்கிறது. தேய்ந்த படையைக் காட்டி இனம் தேய்ந்தது என்கிறார்கள். சாப்பர்கள் இந்தச் சுழலில் சிக்கவில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1857-58இல் லக்னோ, 1860இல் சீனா, 1867-68இல் அபிசீனியா, 1878-80இல் ஆப்கானிஸ்தான், 1882இல் எகிப்து, 1885இல் சூடானும் பர்மாவும் என்று சாப்பர் கம்பெனிகள் போரிலிருந்து போருக்குப் போய்க்கொண்டிருந்தன. பல காலாட்படை ரெஜிமெண்டுகள் அதே ஆண்டுகளைத் தெற்கின் பாளையங்களில் காவல் காத்துக் கழித்தன. ராபர்ட்ஸ் சொன்ன நீண்ட அமைதி, சாப்பர்களைப் பொறுத்தவரை இல்லாத ஒன்று.

மாகாணப் படைகள் 1895இல் ஒழிக்கப்பட்ட பின்னும், 1903இல் படைகளுக்குப் புது எண்கள் தரப்பட்டபோது மதராஸ் சாப்பர்கள் ‘இரண்டாவது’ என்ற வரிசை எண்ணோடு நீடித்தார்கள். பெங்களூரில் அவர்களுக்குப் பட்டறை, பள்ளி, குடியிருப்பு, ஓய்வுபெற்றோர் குடும்பங்கள் எல்லாம் சூழ்ந்திருந்தன. ஆள் தேவையெனில் வாசலுக்கு வெளியே போனாலே போதும்.

இந்த விடையை நான் மற்றவற்றைவிட வலுவானதாகக் கருதுகிறேன். ஆயினும் இதிலும் ஒரு வட்ட வாதம் ஒளிந்திருக்கிறது. போருக்கு அனுப்பப்பட்டதால் மதிப்பு நிலைத்தது என்கிறோம். ஏன் அனுப்பப்பட்டார்கள் என்று கேட்டால், மதிப்பு இருந்ததால் என்ற பதில்தான் வருகிறது. 1857க்கு முந்திய காலத்தின் அனுபவத்தை இன்னும் நெருக்கமாகப் பார்க்காமல் இந்த வட்டத்தை உடைக்க முடியாது.

பயனியர்கள் தரும் எதிர்ச்சான்று

நான்கு விடைகளையும் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. 1883 முதல் மதராஸ் காலாட்படையின் சில ரெஜிமெண்டுகள் பயனியர் ரெஜிமெண்டுகளாக மாற்றப்பட்டன. 1780இன் பயனியர்களுக்கும் இவர்களுக்கும் பெயரொற்றுமை மட்டுமே. அந்தப் பழையவர்கள் 1831இலேயே சாப்பர்களாகிவிட்டார்கள். புதிய பயனியர்கள் பிற்காலத்தில் 61, 64, 81 என்ற எண்களைப் பெற்றார்கள். அவர்கள் ஆள் எடுத்ததும் பெரும்பாலும் அதே தமிழ் மாவட்டங்களில், அதே சமூகங்களில். செய்த வேலையும் அதுவே: சாலை, அகழி, அரண். 1933இல் அவர்கள் கலைக்கப்பட்டார்கள். அதே காலத்தில் மஜ்ஹபி சீக்கியர்களைக் கொண்ட சீக்கியப் பயனியர் படையும் கலைக்கப்பட்டது.

இந்த ஒப்பீடு பல வாதங்களை ஒரே நேரத்தில் சுருக்கிவிடுகிறது. இனம் ஒன்று, சாதி ஒன்று, உணவும் கடல் பயணமும் ஒன்று, மண்வெட்டியும் ஒன்று. விளைவு மட்டும் வேறு. வேறுபட்டவை என்று எஞ்சுபவை இரண்டு. பயனியர்கள் காலாட்படைப் பட்டாலியன்களாக, காலாட்படை அதிகாரிகளின் கீழ் இருந்தார்கள். சாப்பர்கள் கம்பெனி கம்பெனியாகப் பிரிந்து எந்தப் படைப்பிரிவோடும் இணையக்கூடியவர்கள், ராயல் பொறியாளர்களின் கீழ் இருந்தார்கள். பயனியர்களுக்கு உடல் உழைப்பு முதன்மை. சாப்பர்களுக்கு அதோடு பட்டறைத் தொழில்நுட்பமும் சேர்ந்தது. சிக்கனம் தேடிய ராணுவத்துக்கு முழுப் பட்டாலியனைவிடச் சிறு கம்பெனி மலிவு. மோட்டார் வாகனங்கள் பெருகிய காலத்தில் வெறும் தோண்டும் கூலிக்கு மதிப்புக் குறைவு. ஆகவே நிர்வாக விடை இங்கே வலுப்படுகிறது. கைத்திறன் வாதமும் சற்றுத் திருத்திய வடிவில் திரும்ப வருகிறது. பிறவித் திறன் என்பதற்கு மாறாக, ஒரு நிறுவனம் சேமித்துவைத்த திறன் என்று அதை மாற்றிச் சொன்னால் பயனியர்களின் முடிவோடு அது பொருந்தும்.

இன்னும் திறந்திருப்பவை

இரண்டாம் உலகப் போர் பழைய கோட்பாட்டை நடைமுறையில் முடித்துவைத்தது. 1941இல் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்திச் சுற்றியிருந்தவர்களைக் காத்து மடிந்தார் காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. 1971இல் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் நதிக்கு அப்பால் கண்ணிவெடி வயல்களுக்குள் டாங்கிகளுக்குப் பாதை திறந்தவர்களும் இதே படையினர்தாம்.

இப்போதுள்ள சான்றுகளை வைத்து இவ்வளவு சொல்லலாம். தென்னாட்டு ஒடுக்கப்பட்ட சமூகங்கள் ஆட்களைத் தந்தன. பொறியாளர் அதிகாரிகளும் பெங்களூர்த் தலைமையிடமும் அந்த ஆட்களைக் காக்கும் கூரையைத் தந்தன. இடைவிடாத போர் அனுபவம் இரண்டையும் இணைத்தது. மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் விளைவு மாறியிருக்கலாம் என்பதற்குக் காலாட்படையும் பயனியர்களும் சான்று. எந்த அளவுக்கு எது என்று பங்கிட்டுச் சொல்வது இப்போதைக்குத் துணிச்சலான காரியம்.

வைபார்ட், சேண்டிஸ், ராபர்ட்ஸ், மக்மன் ஆகிய நால்வருமே அதிகாரிகள். சாப்பர்கள் தம்மைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இவர்களின் எழுத்திலிருந்து ஊகிக்கத்தான் முடியும். விடுப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் எழுதிய மனுக்கள், பெங்களூர்த் தேவாலயங்களின் திருமண-ஞானஸ்நானப் பதிவேடுகள், படைச்சேர்க்கைப் பேரேடுகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் படித்தால், ஒரு குடும்பம் எத்தனை தலைமுறை இந்தப் படையில் இருந்தது, அதற்குள் நிலம் வாங்கியதா, பள்ளி போனதா என்பதைக் கணக்கிடலாம். 1933இல் கலைந்த பயனியர்களில் எத்தனை பேர் சாப்பர்களாகத் தொடர்ந்தார்கள், எத்தனை பேர் ஓய்வூதியமில்லாமல் வட ஆர்க்காட்டுக்கும் செங்கல்பட்டுக்கும் திரும்பினார்கள் என்ற கணக்கையும் அதோடு சேர்த்து எடுக்க வேண்டும். படையின் கூரைக்கு உள்ளே இருந்த குடும்பத்தையும் வெளியே தள்ளப்பட்ட குடும்பத்தையும் அப்படி அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான், சாதி விடையும் நிர்வாக விடையும் ஒன்றையொன்று எந்த இடத்தில் மறிக்கின்றன, எந்த இடத்தில் தாங்குகின்றன என்று பிரித்துச் சொல்ல முடியும்.